அரச மரத்துக்கு நோட்டீஸ் கொடுத்தவர்

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டு மாவட்டங்களையும் ஒன்றாகக் கொட்டிச் சலித்துப் பார்த்தாலும் நோட்டீஸ்காரரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடைக்க மாட்டார். பொறுப்போடுதான் சொல்கிறேன். தபால் ஆபீசில் தினமும் காலையில் தேதி முத்திரையை மாற்றி வைத்துவிட்டு உட்கார்ந்த ஆள் நான். எதையும் எழுதுவதற்கு முன் நாலு பேரிடம் விசாரித்துச் சரிபார்த்துக்கொள்வேன். இவர் விஷயத்தில் விசாரித்தபோது நாலு பேரும் சிரித்தார்களே தவிர, ஒருவரும் மறுக்கவில்லை.

பல்லிக்குப் பயப்படுவார். குக்கர் விசிலுக்குப் பயப்படுவார். பஸ்சில் பின்படிக்கட்டுக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தால் பெரம்பலூர் வரை நின்றுகொண்டே போவார். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அதைக் கட்டிலில் வைத்துவிட்டு, ஓயும் வரை எட்டவே நிற்பார். ஆடிக் காற்றில் கதவு தானாக அடித்துக்கொண்டால் "யாரு?" என்று கேட்பார். கேட்ட பிறகு, யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று அதற்கும் தனியாகப் பயப்படுவார்.

இப்படிப்பட்டவர் பார்த்த உத்தியோகம் லைன்மேன். குரும்பலூரில் எங்கள் தெருவையும் சேர்த்து ஏழெட்டுத் தெருக்களின் கம்பங்களுக்கும் கம்பிகளுக்கும் அவர்தான் பொறுப்பு. ஃபியூஸ் போட வரும்போது வாசலிலேயே நின்று, "வூட்டுல நாய் கட்டியிருக்கா? மீட்டர் பெட்டிக்குள்ள பல்லி இருக்கா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் உள்ளே வருவார். வந்த பிறகு, கம்பியைத் தொடும் கையில் ஒரு நடுக்கமும் இருக்காது. கரண்டு ஒன்றுக்கு மட்டும் அவர் பயந்ததே இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"கரண்டுக்கு ரூல் இருக்குங்க சார். ஆபீசுக்குப் போன் பண்ணி எல்.சி. வாங்கிட்டேன்னா, நான் திருப்பிக் குடுக்குற வரைக்கும் அது லைனுக்குள்ள வராது. சொன்ன சொல்லக் காப்பாத்தும். பல்லிக்கு யாரு சார் எல்.சி. குடுப்பா?"

எல்.சி. என்பது, 'இந்த லைனில் ஆள் வேலை செய்கிறான், சப்ளையை நிறுத்தியாகிவிட்டது' என்று கரண்ட் ஆபீஸ் தரும் உறுதி. மற்ற விஷயங்களுக்கும் அப்படி ஓர் உறுதி தருவதற்கு உலகத்தில் ஓர் ஆபீஸ் இல்லையே என்பது அவருடைய நிரந்தரக் குறை.

பட்டப்பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். கம்பியில் உரசும் கிளைகளை அன்றுதான் வெட்டுவார்கள். இவருடைய அப்பா மரம் வெட்டப் போனவர். வெட்டுவதற்கு முதல் நாள் சாயங்காலம் மரத்தைத் தொட்டு, "நாளைக்கு வரோம், எடத்த மாத்திக்க" என்று சொல்லிவிட்டு வருவாராம். மரத்தில் குடியிருப்பது பறவையோ பேயோ, விலகிக்கொள்ளட்டும் என்று இந்தப் பக்கத்தில் பலரும் அப்படிச் செய்வதுண்டு. மகன் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்துவிட்டதால் அதையே அரசாங்க பாஷையில் சொன்னார். காக்கிச் சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு, மரத்தின் எதிரே விறைப்பாக நின்று, கம்பீரமாக ஆரம்பித்து நடுங்கி முடிப்பார்.

"பொதுமக்களுக்கும் இதர குடியிருப்போருக்கும் அறிவிப்பு. நாளை காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை பராமரிப்புப் பணிகள் நடைபெற இருப்பதால், தெற்குப் பக்கத்துக் கிளைகள் அகற்றப்படும். பறவைகள், அணில்கள் மற்றும் கண்ணுக்குத் தெரியாத இனத்தார் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ஒத்துழைப்புக்கு நன்றி."

பிறகு அண்ணாந்து பார்த்துக்கொண்டு காத்திருப்பார். இலை அசையாமல் நின்றால் மரத்துக்குச் சம்மதம். அசைந்தால் ஆட்சேபணை. ஆட்சேபணை என்றால் அந்த மரத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, மறுபடியும் நோட்டீஸ்.

பெரம்பலூர் போகும் ரோட்டில் ஒரு புளிய மரம். ரோட்டோரப் புளியைக் குத்தகைக்கு எடுத்தவர்தான் பறிக்கலாம். மற்றவர்கள் பறித்தால் திருட்டு. பங்குனி மாதம், பொழுது சாயும் நேரம். நோட்டீஸ்காரர் மொபெட்டை நிறுத்தி, பித்தானைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். "குடியிருப்போர் அனைவரும் நாளைக் காலைக்குள் இறங்கிவிடுமாறு..." என்று வருவதற்குள் மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"இப்பவே எறங்கிடுறேங்க. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

இலைகளுக்கு நடுவே இரண்டு கால்கள் தெரிந்தன. அந்தக் கால்களுக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க நோட்டீஸ்காரர் நினைவோடு இல்லை. மடி நிறையத் திருட்டுப் புளியோடு இறங்கி வந்தவன்தான் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்து, அவருடைய மொபெட்டிலேயே அவரைப் பின்னால் உட்காரவைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டான். போகும்போது அவர் மனைவியிடம் குழம்புக்குக் கொஞ்சம் புளியும் கொடுத்துவிட்டுப் போனான். விஷயம் முழுக்கத் தெரிந்த பிறகும் இவருடைய நம்பிக்கை குறையவில்லை, கூடிவிட்டது.

"பாத்தீங்களா சார், படிச்சுக் காட்டினா எறங்குது!"

எல்லா மரங்களிலும் செல்லுபடியான இந்த முறை ஒரே ஒரு மரத்திடம் தோற்றது. எங்கள் தெருமுனையில் இருக்கும் அரச மரம். அரச இலையின் காம்பு நீளம், மெலிசு. மற்ற மரங்களெல்லாம் சிலையாக நிற்கும் மத்தியானத்திலும் அரச மரத்தில் எங்காவது நாலு இலை ஆடிக்கொண்டே இருக்கும். நோட்டீஸ்காரர் வாசித்து முடித்து நிமிர்ந்து பார்ப்பார். மரம் முழுவதும் ஆட்சேபணை.

"ஒரு எலகூட ஒத்துக்கலைங்க சார்," என்று கழுத்து வியர்வையைத் துடைப்பார். "ஒட்டுமொத்தமா மாட்டேங்குது."

இப்படியே மாதங்கள் போயின. தெருக்காரர்களும் வற்புறுத்தவில்லை. அந்த மரத்தின் மீது ஆளுக்கொரு பயம் இருந்தது. அடியில் நாகர் கல். பிள்ளை வரம் வேண்டிக் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள். வீட்டில் கண்ணாடி உடைந்த சாமி படங்களைக் குப்பையில் போட மனம் வராதவர்கள் கொண்டுவந்து சாய்த்து வைத்த படங்கள் மரத்தைச் சுற்றி வரிசையாக இருந்தன. "இத்தன சாமி கண்ணத் தொறந்து பாத்துகிட்டு இருக்கையில எப்படி சார் அருவாளத் தூக்குறது?" என்பார். உச்சிக் கிளையில் முனி இருக்கிறது என்று வேறு ஒரு பேச்சு. நானும் பொழுது சாய்ந்தபின் அந்த மரத்தைக் கடக்கும்போது நடையை எட்டிப் போடுகிறவன்தான்.

அதன் வடக்குக் கிளை கரண்ட் கம்பிகளுக்கு மேலாக நீண்டு, பக்கத்திலிருந்த அங்கன்வாடியின் ஓட்டுக் கூரைமேல் கவிந்திருந்தது. என் பேத்தி யாழினி அந்த அங்கன்வாடிக்குத்தான் போனாள்.

தை மாதம், அறுவடை முடிந்த கையோடு, ஆபீஸ் சகாக்கள் காசிக்கும் கயாவுக்கும் ரயிலில் கிளம்பினார்கள். நோட்டீஸ்காரருக்கு ரயில் என்றால் பயம். அவர்கள் இல்லாமல் ஆபீசில் தனியாக இருப்பது அதைவிடப் பயம். ஆகவே கூடவே போனார். புத்தகயாவில், சித்தார்த்தர் அமர்ந்து புத்தராக எழுந்த இடத்தில், அன்று நிழல் கொடுத்த அரச மரத்தின் வம்சத்து மரம் இன்றும் நிற்கிறது. அங்கே இலையைப் பறிக்கக் கூடாது. தானாக விழுவதை எடுத்துக்கொள்ளலாம். அதற்காகவே தூர தேசங்களிலிருந்து வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். பிக்குகள் கண்மூடி அமர்ந்திருந்த அந்த அமைதியில், ஓர் இலை கழன்று, சுற்றிச் சுற்றி வந்து, நம் ஆளின் பின்கழுத்தில் விழுந்தது.

பல்லி என்று நினைத்து அவர் போட்ட கூச்சலில் அத்தனை பிக்குகளும் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

"யாரும் திட்டல சார்," என்று திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னார். "ஒரு வயசான சாமி, எந்த நாடோ தெரியல, எந்திரிச்சு வந்தாரு. அந்த எலய எடுத்து எங் கையில வெச்சு மூடுனாரு. தலையில கொஞ்ச நேரம் கைய வெச்சுகிட்டு நின்னாரு. அம்புட்டு நேரமும் எனக்கு ஒடம்பு நடுங்கல சார். பொறந்ததுலேருந்து நடுங்காம இருந்தது அந்தக் கொஞ்ச நேரந்தான்."

இலையை லேமினேட் செய்து, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை உறைக்குள் தன் போட்டோவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் புத்தரின் ஆள். அதனால் பயம் குறைந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இரண்டு மடங்காகிவிட்டது.

"முன்னாடி அந்த மரத்துல முனி இருக்குன்னு பயந்தேன். இப்ப அது புத்தரு ஒக்காந்த சாதின்னு பயப்படுறேன். முனின்னா நோட்டீஸ் குடுக்கலாம். இவருக்கு என்னான்னு சார் குடுக்குறது?"

மதியச் சாப்பாட்டை அந்த மரத்தடியில் வைத்துக்கொண்டார். முனியை நினைத்து ஒரு கண் மேலே, நாகரை நினைத்து ஒரு கண் கீழே. அப்படிச் சாப்பிட்டது உடம்பில் ஒட்டியிருக்க வாய்ப்பே இல்லை. அந்த வழியாக நான் போனால் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்பார். புத்தர் நம் பக்கத்துக்கு அந்நியர் இல்லை, இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஏரிக்கரையிலும் வயல்வெளியிலும் கல் புத்தர்கள் கிடைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தில் நானும் ஒன்று கூடுதலாகச் சொன்னேன். ஆதியில் புத்தருக்கு உருவம் செதுக்கும் வழக்கமில்லை. ஓர் அரச மரத்தைச் செதுக்குவார்கள். அதன் கீழ் ஆளில்லாத இருக்கை ஒன்றைச் செதுக்குவார்கள். பார்க்கிறவர்களுக்கு அதுதான் புத்தர். மரமே அவர்.

டிபன் பாக்சைத் தூக்கிக்கொண்டு வேரிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார்.

"முன்னாடியே சொல்ல மாட்டீங்களா சார்! மாசக்கணக்கா அவரு சீட்டுல ஒக்காந்து கருவாட்டுக் கொழம்பு தின்னுகிட்டு இருக்கேன்!"

அதற்கப்புறம் மரத்துக்கு எதிரே, ரோட்டின் அந்தப் பக்கம், சாக்கடைத் தளத்தின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஒரு நாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "சார், அவருக்குப் பயமே வந்ததில்லையா?"

போதி மரத்தடியில் மாரன் என்பவன் படை திரட்டி வந்து பயமுறுத்தியதையும், அவர் அசையாமல் இருந்து, ஒரு கையால் பூமியைத் தொட்டு அதையே சாட்சிக்கு அழைத்ததையும் சொன்னேன். நோட்டீஸ்காரருக்குத் திருப்தியில்லை.

"அது புத்தர் ஆவுற நேரம் சார். அப்ப பயப்பட மாட்டாரு. அதுக்கு முன்னாடி?"

அதற்கும் பழைய நூல்களில் பதில் இருக்கிறது. ஞானம் பெறுவதற்கு முன் காட்டில் தனியாக இருந்த நாட்களைப் பற்றி அவரே சீடர்களிடம் பேசியதாக ஒரு பகுதி உண்டு. ஒரு மான் நடந்தாலும், மயில் ஒரு சுள்ளியைத் தட்டிவிட்டாலும், காற்றில் சருகு புரண்டாலும், 'இதோ அது வருகிறது' என்று பயம் வந்ததாம். நடந்துகொண்டிருக்கும்போது வந்தால், நிற்காமல் உட்காராமல், அது போகும் வரை நடந்துகொண்டே இருந்தாராம். நிற்கும்போது வந்தால் நின்றபடியே. உட்கார்ந்திருக்கும்போது வந்தால் உட்கார்ந்தபடியே.

நோட்டீஸ்காரர் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை மறுபடி டிபன் பாக்சிலேயே வைத்தார்.

"மயிலு சுள்ளியத் தட்டிவுட்டதுக்கா சார் பயந்தாரு?"

"ஆமாம்."

"நம்ம ஆளு சார் அவரு."

கொஞ்சம் பொறுத்து, "மரத்துல ஏறும்போது வந்தா என்ன பண்ணணும்னு போட்டுருக்கா?" என்று கேட்டார்.

"அதைப் பற்றி ஒன்றும் இல்லை."

"முக்கியமானத வுட்டுட்டாங்களே," என்று வருத்தத்தோடு டிபன் பாக்சை மூடினார்.

ஆவணி முடியும் சமயம், அந்த வடக்குக் கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் ஒரு வெடிப்பு தெரிந்தது. முதலில் பார்த்தது அங்கன்வாடி ஆயா செல்லம்மா. பிள்ளைகள் மத்தியானம் தூங்கும்போது கூரைக்கு மேலே கிரீச் கிரீச் என்று யாரோ பழைய கட்டிலில் புரள்வது மாதிரி சத்தம் வருகிறது என்றாள். போய்க் கேட்டேன். நிஜம்தான். அதற்குப் பிறகு யாழினியை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினால் என் காதுக்குள் அந்தச் சத்தமே கேட்டுக்கொண்டிருந்தது. அனுப்ப வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லிப் பார்த்தேன். "மத்த புள்ளைங்க போவலியா மாமா?" என்று கேட்டாள். அந்த மற்ற பிள்ளைகளை நினைத்து என் பயம் இன்னும் கூடியதுதான் மிச்சம்.

புரட்டாசியில் கரண்ட் ஆபீசுக்குப் புதிதாக வந்த உதவிப் பொறியாளர், அரியலூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வரும் இளம்பெண், நேரில் வந்து கிளையைப் பார்த்தார். நோட்டீஸ்காரரை மரத்தடியிலேயே நிறுத்தி விசாரணை.

"எத்தனை மாசமா இதை வெட்டாம வெச்சிருக்கீங்க?"

"மரம் சம்மதிக்கலீங்க மேடம்."

"மரத்துக்கிட்ட சம்மதம் வாங்கிட்டுத்தான் வெட்டணும்னு எந்த சர்குலர்ல இருக்கு?"

"வாங்கக் கூடாதுன்னும் எந்த சர்குலர்லயும் இல்லீங்க மேடம்."

"நீங்க வெட்டறீங்களா, இல்ல நான் ஏறட்டுமா?"

"அய்யய்யோ, பாசி வழுக்கும் மேடம்," என்று உண்மையாகவே பதறினார் நோட்டீஸ்காரர். "நானே ஏறிக்கிறேன். ஒரே ஒரு நோட்டீஸ் மட்டும் குடுத்துக்கிறேன்."

மேடம் தலையில் கையை வைத்துக்கொண்டார். மழைக்கு முன்னால் எல்லா ஊர்க் கிளைகளும் வரிசையில் நிற்க, தீபாவளி கழித்து ஒரு வியாழக்கிழமை இந்தக் கிளைக்கு முறை வந்தது. புதன்கிழமை சாயங்காலம் நோட்டீஸ் என்று ஏற்பாடு. புதன்கிழமை மத்தியானமே மழை வந்துவிட்டது.

அப்படி ஒரு காற்றை நான் பார்த்ததில்லை. பகலிலேயே விளக்கு வைக்கும் நேரம் போல் இருண்டது. அரச மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. குழந்தையைக் கூட்டிவரக் குடையோடு நான் தெருமுனைக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில் படீரென்று ஒரு சத்தம் கேட்டது. வடக்குக் கிளை பிளந்து இறங்கி, கரண்ட் கம்பிகளின் மேல் சாய்ந்து நின்றது. கம்பிகள் தொய்ந்து அங்கன்வாடி வாசலுக்குக் குறுக்கே தொங்கின. பக்கத்துக் கம்பம் வளைந்திருந்தது. அந்தக் கம்பிகள் தாங்கும் வரைக்கும்தான் கூரைக்குப் பாதுகாப்பு. வெளியே வர இருந்த ஒரே வாசலும் அந்தக் கிளைக்கு நேர் கீழே. உள்ளே செல்லம்மாவும் பிள்ளைகளும். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் செல்லம்மாவின் முகம் மட்டும் தெரிந்தது.

"அய்யா, கதவத் தொறந்து ஓடியாந்துடவா?"

"வேண்டாம், மூலையிலேயே இருங்க!" என்று கத்தினேன். 

நோட்டீஸ்காரர் வந்து சேர்ந்தார். பின்னாலேயே நனைந்த ஸ்கூட்டரில் மேடம். இவர் போனில் எல்.சி. வாங்கினார். கம்பிகளில் கரண்டு இல்லை என்பதை இன்னொரு முறையும் சரிபார்த்தார். அதுவரை கை நிதானமாக இருந்தது. பிறகு மரத்தைப் பார்த்தார். வடக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பில் அரிவாளைச் செருகி, கழுத்துப் பித்தானைப் போட்டார். மழை முகத்தில் அறைந்துகொண்டிருந்தது.

"அவசரப் பணி காரணமாக," என்றார். வாயில் புகுந்த மழைத் தண்ணீரைத் துப்பிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். "அவசரப் பணி காரணமாக முன்னறிவிப்பு இல்லை. மன்னிக்கவும்."

அண்ணாந்து பார்த்தார். ஓர் இலை பாக்கியில்லாமல் அடித்துக்கொண்டது. அத்தனையும் ஆட்சேபணை. கண்ணை மூடிக்கொண்டு, மரத்தில் சாய்த்திருந்த ஏணியில் காலை வைத்தார்.

ஏணி முடிந்து, முதல் கவட்டையில் ஏறி நின்று, இடுப்புக் கயிற்றை மரத்தோடு கட்டினார். அதோடு நின்றுவிட்டார். அசையவே இல்லை.

"என்னாச்சு? ஏன் நிக்கறீங்க?" என்று மேடம் கத்தினார்.

"பயம் வந்துருச்சுங்க மேடம்."

"அதுக்கு?"

"நிக்கும்போது வந்துருக்கு. நின்னுகிட்டேதான் போவணும்."

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. காட்டில் தனியாக இருந்தவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருந்தது. இங்கே வளைந்த கம்பம் ஒன்று நிமிடத்துக்கு நிமிடம் இன்னும் வளைந்துகொண்டிருந்தது. கூடியிருந்த பத்துப் பதினைந்து பேரும் மழையில் வாயைப் பிளந்து மேலே பார்த்தபடி நின்றோம்.

ஜன்னலிலிருந்து செல்லம்மா குரல் கொடுத்தாள். "அண்ணே, போச்சா?"

"இன்னும் இல்ல செல்லம்மா."

"கொஞ்சம் சீக்கிரம் போவச் சொல்லுங்கண்ணே. புள்ளைங்க அழுவுதுங்க."

"சொல்லிகிட்டுத்தான் இருக்கேன்."

இன்னொரு காற்று அடித்தது. கிளை ஒரு முழம் இறங்கியது. ஓடுகள் நொறுங்கி உள்ளே விழும் சத்தமும், அதன் மேல் பிள்ளைகளின் அலறலும் கேட்டன. அந்த அலறலில் ஒரு குரல் எனக்குத் தெரிந்த குரல்.

நோட்டீஸ்காரர் கூரையைப் பார்த்தார். பிறகு, தனக்குப் பக்கத்தில் நிற்கும் யாரிடமோ சொல்வது போல, "நீ போவ மாட்ட. சரி, கூடவே வா," என்றார்.

ஏறினார். கை நடுங்கியது, கால் நடுங்கியது, அவர் பிடித்திருந்த கிளையும் நடுங்கியது. எது மரம், எது மனிதர் என்று கீழேயிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிளந்த கிளையின் நடுவில் வடக்கயிற்றைக் கட்டினார். மறுமுனையை மேலே ஒரு கவட்டையில் போட்டுக் கீழே விட்டார். நாங்கள் அத்தனை பேரும் தேர்வடம் போல் அதைப் பிடித்துக்கொண்டோம். எனக்கு முன்னால் மேடம், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு. மேலே அவர் கூரைப் பக்கத்துக் கொம்புகளை ஒவ்வொன்றாகக் கழித்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் உதடு அசைந்தது. மன்னிப்புக் கேட்டாரா, எண்ணிக்கொண்டாரா, தெரியாது. கடைசியில் கிளை ஒட்டிக்கொண்டிருந்த இடத்தை வெட்டினார்.

கயிறு உள்ளங்கையைத் தீயாக உரித்தது. கிளை கூரையைத் தாண்டி ஆடி, ரோட்டின் மேல் மெதுவாக இறங்கிப் படுத்தது. படுத்த பிறகும் அதன் இலைகள் ஆடிக்கொண்டிருந்தன.

கதவு திறந்து பிள்ளைகள் வந்தார்கள். யாழினியின் தலையில் ஓட்டுத் தூசி. மற்றபடி ஒரு கீறல் இல்லை. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். நோட்டீஸ்காரர் இறங்கி வந்து ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. யாழினி என் இடுப்பிலிருந்தபடியே அவரைக் கேட்டாள்.

"மாமா, பயம் போயிடுச்சா?"

"இல்ல பாப்பா."

"எங்க இருக்கு?"

நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இங்கதான் ஒக்காந்துருக்கு. ஒண்ணும் பண்ணல. ஒக்காந்துருக்கட்டும்."

மறுநாள் மழை விட்டிருந்தது. காலையில் பால் வாங்கப் போனேன். ரோட்டின் அந்தப் பக்கம், காக்கிச் சட்டை இல்லாமல், வெளுத்த வேட்டியில் நோட்டீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். கை கூப்பியிருந்தது. மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தாரையாக நீர். கிளையை வெட்டியதற்கு அழுகிறார் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன்.

"அழுவல சார். கண்ணச் சிமிட்டக் கூடாது, அதான்," என்றார் பார்வையைத் திருப்பாமல்.

புத்தர் ஞானம் பெற்றபின், தனக்கு நிழல் கொடுத்த மரத்துக்கு நன்றியாக, எதிரே நின்று ஒரு வாரம் கண் இமைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று கயாவில் யாரோ இவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"நேத்து என்னயக் கீழ தள்ளாம வெச்சுகிச்சுல்ல சார். ஒரு வாரம் லீவு கேட்டேன். மேடம் இன்னிக்கு ஒரு நாளுதான் குடுத்தாங்க. பொழுது சாயுறதுக்குள்ள பாத்து முடிச்சுடணும்."

அவருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று நான் சுற்றிக்கொண்டு வேறு வழியில் வீட்டுக்குப் போனேன்.

சித்திரையில் அவரை அரியலூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். கல்லங்குறிச்சி ரோட்டில் எங்கோ வேலை என்று கேள்வி. எங்கள் தெருவுக்கு இப்போது வந்திருக்கும் லைன்மேன் தைரியசாலி. பல்லியைக் கையால் பிடித்து வெளியே போடுகிறார். மரங்களிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வேலை மளமளவென்று முடிகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஐப்பசி பிறந்து, காற்று கிழக்கே திரும்பி, அரியலூர்ப் பக்கம் வானம் கறுத்தால், எங்கள் வீட்டில் கரண்டு இருந்தாலும் நான் வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறேன். இந்நேரம் அந்த மனிதர் எந்த மரத்தில் நிற்கிறாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.